வெள்ளைப் பன்றிகள் வந்த மழைக்காலம்

என்னோடு முத்தியால்பேட்டையில் படித்த உங்களில் சிலருக்கு எங்கள் வீட்டுப் பன்றிகள் இன்னும் ஞாபகம் இருக்கலாம். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது உங்களில் ஒருத்தி, "உங்க வூட்ல பன்னி வளத்தீங்களே, யப்பா, அந்த நாத்தம்!" என்று மூக்கைப் பிடித்துக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். நாற்றம் மட்டும் ஞாபகம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றதை நான் சொல்கிறேன். நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. அந்தத் தெருவில் அன்று இருந்த பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை.

ஆரம்பித்து வைத்தது மாதா கோயில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் இளைஞர்களை மட்டும் மரத்தடியில் நிற்கச் சொன்னார். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் சொந்தக்காலில் நிற்க ஒரு திட்டம் வந்திருக்கிறது, ஆளுக்கு மூன்று பன்றிக்குட்டிகள் இலவசம், எல்லாம் சீமைப்பன்றி, வெள்ளை வெளேரென்று இருக்கும், வளர்த்து விற்றுக்கொள்ளலாம் என்றார். பையன்கள் எல்லாம் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் தலை சீவியிருந்த அழகைப் பார்த்தால் அவன் பன்றிக்குக் கழுநீர் ஊற்றுவான் என்று சாமியாராலேயே நம்பியிருக்க முடியாது.

அப்போது என் அக்கா கையைத் தூக்கினாள்.

"சாமி, பொண்ணுங்க எடுத்துக்கலாமா?"

பையன்கள் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. "எடுத்துக்கலாம். வூட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாம்மா," என்றார்.

அக்கா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அவள் எனக்குப் பாதி அம்மா. உயரம், அகன்ற தோள், குரலும் கொஞ்சம் கட்டை. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய், பதில் சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

அப்பா மில்லிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறி ஆணியில் மாட்டினார். "பன்னி மேய்க்கிற பொண்ணுன்னு பேரு வந்துட்டா எவன்டி வந்து கேப்பான்?"

"இப்ப மட்டும் எவன் வந்து வாசல்ல நிக்கிறான்?" என்றாள் அக்கா.

அம்மா அடுப்படியில் இருந்து சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் முடிவாயிற்று. பெரியவர்கள் எடுக்கும் முடிவு எவ்வளவு சின்ன இடுக்கில் நுழைந்து வந்துவிடுகிறது என்று இப்போது நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் பின்கட்டில் கிணற்றுக்கு அப்பால் ஒரு முருங்கை மரமும் காலி இடமும் இருந்தன. அங்கேதான் பன்றிக்குப் பட்டி போட்டோம். அதற்கடுத்து இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள்கடைக்காரர் வீடு. அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அத்தை, உறவில்லை, பழக்கம்தான். அவர்கள் ஒரே மகள் என் வகுப்புத் தோழி. நானும் அவளும் வாசல் வழியாகப் போய்வந்ததே இல்லை. அந்தச் சுவரில் எங்கள் முழங்கால் தேய்ந்த இடம் வழவழவென்று இருக்கும்.

குட்டிகள் கோணிப்பையில் கட்டி, சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்தன. அந்த அலறலைக் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பையை அவிழ்த்ததும் சத்தம் நின்றது. சாக்கடையில் திரியும் கறுப்புப் பன்றியைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவை குளிப்பாட்டிய குழந்தை மாதிரி ரோஜா நிறத்தில் இருந்தன. கண்ணிமை மயிர்கூட வெள்ளை. என் தோழி சுவரில் ஏறி உட்கார்ந்து அப்போதே பேர் வைத்துவிட்டாள். "வெள்ளையா இருக்குதுல்ல? அது துரை, அது துரைசானி. இது தனியா மொறைச்சிக்கிட்டு நிக்குது பாரு, இது முசியே." வெள்ளைக்காரத் துரையைப் பிரெஞ்சில் முசியே என்போம்.

முதலில் எங்களுக்கு உதவியது அத்தைதான். காய்கறித் தோல், அரிசி கழுவிய தண்ணீர், பழைய சோறு எல்லாவற்றையும் ஒரு மண்பானையில் சேர்த்துவைத்துச் சுவர்மேல் வைப்பார். "இந்தாடி பெரிய பொண்ணே, உன் தொரைங்களுக்கு டிபன்," என்பார். மாமா தன் கடையிலிருந்து இரும்புப் பட்டை கொண்டுவந்து, அப்பாவின் பழைய சைக்கிளில் இரண்டு பக்கமும் எண்ணெய் டின் தொங்கும்படி கொக்கி அடித்துக் கொடுத்தார். அந்தச் சைக்கிளில் அக்கா தினமும் மத்தியானம் ஓட்டல் ஓட்டலாகப் போய் மிச்சச் சோறு வாங்கி வருவாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டின் தளும்பத் தளும்ப அவள் மிதித்து வருவதைப் பையன்கள் டீக்கடையில் இருந்து பார்ப்பார்கள். அவர்களை அவள் திரும்பியும் பார்த்ததில்லை.

கொண்டுவந்ததை அப்படியே போடக் கூடாது, கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். பாதியாக வெட்டிய தார் டிரம்மில் மரத்தூள் அடுப்பு வைத்து அவள் கிண்டுவாள். சாம்பார், ரசம், மீன் முள், எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்ந்து வெந்த அந்த வாசனை புளிப்பா இனிப்பா என்று சொல்ல முடியாது. என் பாவாடையில், புத்தகத்தில், நற்கருணை வாங்கப் போகும்போது போடும் வெள்ளை முக்காட்டில்கூட அது ஏறியிருந்தது. கல்யாணத்தில் மூக்கைப் பிடித்தவள் சொன்னது இதைத்தான்.

குட்டிகள் கண்ணெதிரே பெருத்தன. அக்காவும் மாறினாள். வீட்டில் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். நோவெல் பண்டிகைக்கு, அதுதான் கிறிஸ்துமசுக்கு, ஒன்றை விற்று, மிச்சத்தில் ஒன்றைத் தாயாக வைத்துக்கொண்டு, கருவடிக்குப்பம் பக்கம் இடம் பிடித்துப் பெரிதாகச் செய்யப் போவதாகச் சொன்னாள். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. சாயங்காலம் பட்டிக்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்தபடி முசியேயின் முதுகைக் குச்சியால் சொறிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டி கழுவிய தண்ணீர் தெருச் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் முதல் முணுமுணுப்பு வந்தது. ஒரு நாள் முனிசிபாலிட்டி ஆள் வந்து அப்பாவை வாசலில் நிறுத்திப் பேசினார். எங்கள் தெருமுனையில் ஒரு சொல்தா ஐயா இருந்தார். உங்களுக்குத் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை நாம் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனா, ஆப்பிரிக்கா எல்லாம் பார்த்தவர், அதனால் கக்கூஸ் கட்டுவதிலிருந்து கல்யாணம் வரை அவரைக் கேட்டுத்தான் தெரு நடக்கும். அவர் வந்து பின்கட்டைச் சுற்றிப் பார்த்தார். கைத்தடியால் சுவரோரம் ஒரு வட்டம் போட்டார்.

"இங்க ஒரு குழி வெட்டி உடு. ஃபிரான்ஸ்ல பண்ணையில எல்லாம் இப்புடித்தான். தண்ணி தானா ஊறிடும். வொலா! அவ்ளோதான். தெருவுக்கும் தொந்தரவு இல்ல, உனக்கும் இல்ல."

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெட்டினார். மாமாவும் சுவர் தாண்டி வந்து மண் அள்ளிப் போட்டார். குழி என் கழுத்தளவு இருந்தது. தோழியும் நானும் உள்ளே இறங்கிக் கொஞ்ச நேரம் சொட்டாங்கல் ஆடினோம். மண் குளிர்ச்சியாக, கடல்மணலும் களியும் கலந்து இருந்தது.

அந்த வருஷம் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. குழியில் விட்ட தண்ணீர் ஊறவில்லை. மழையும் சேர்ந்து விளிம்புவரை நின்றது. மேலே பச்சையாக ஒரு ஆடை படர்ந்தது. அப்பா ஒரு தகரத்தை இழுத்துப் பாதி மூடினார். அதோடு மறந்துவிட்டோம்.

வடக்கே அப்போது வயல்கள் இருந்தன. அங்கிருந்து கொக்குகள் வந்தன. குழி ஓரத்தில் நிற்கும், பிறகு பட்டிக்குள் இறங்கிப் பன்றி முதுகில் ஏறி நிற்கும். வெள்ளைப் பன்றிமேல் வெள்ளைக் கொக்கு. தோழியும் நானும் சுவரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். சத்தம் போட்டால் பறந்துவிடும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். கொக்கின் உடம்பில் இருக்கும் மூளைக்காய்ச்சல் கிருமி கொசு வழியாகப் பன்றிக்கு வரும், பன்றிக்கு ஒன்றும் செய்யாமல் அதன் ரத்தத்தில் பெருகும், அங்கிருந்து இன்னொரு கொசு எடுத்துப்போய்க் குழந்தைக்குக் கொடுக்கும் என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கண்ணுக்கு அது அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கொசு ஒரு சத்தமாகவே வரும். தூரத்தில் மில் ஓடுவது போல. பன்றிகளின் காது கறுப்பாகிவிடும். அக்கா பாவப்பட்டு வேப்பிலைப் புகை போடுவாள். புகை பட்டியிலிருந்து கிளம்பிச் சுவர் தாண்டிப் போகும். புகையில் கலைந்த கொசுவும் அதே வழியாகத்தான் போயிருக்கும்.

பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பேச்சு வந்தது. இரண்டு நாளில் நினைவு தப்பிவிடுகிறதாம். அம்மா எனக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள். பட்டியைப் பார்த்து, "இதுங்களுக்கு ஒண்ணும் வரலையே?" என்று அக்காவைக் கேட்டாள்.

"நல்லாத்தாம்மா தின்னுது. ஒரு தும்மல்கூட இல்ல," என்றாள் அக்கா பெருமையாக.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். தோழி சுவரில் ஏறவில்லை. அந்தப் பக்கமே நின்று, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டாள். சுவர் வெயிலில் சுட்டுக் கிடந்தது. "தல வலிக்குது. வெளிச்சத்தப் பாக்க முடியல," என்றாள். பிறகு அங்கேயே வாந்தி எடுத்தாள். அத்தை ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் பூசைக்குப் போய் வந்தபோது அவர்கள் வாசலில் கூட்டம். உள்ளே என் தோழி பாயில் கிடந்தாள். உடம்பு வில்லாக வளைந்து, வெட்டி வெட்டி இழுத்தது. கண் திறந்திருந்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தக் கண் என்னைத் தாண்டிக் கூரையைப் பார்த்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் எத்தனையோ கேட்டிருப்பார். ஆனால் ஒரே ஒரு கேள்விதான் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

"வீட்டுக்குப் பக்கத்துல பன்னி இருக்கா?"

யாரும் வந்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். மளிகைக் கடையில் அக்கா நின்றால் பேச்சு நின்றது. சுவர்மேல் காய்கறித் தோல் பானை காலியாகவே மழையில் நனைந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் ஆண்கள் சிலர் வாசலுக்கு வந்தார்கள். சொல்தா ஐயாவும் பின்னால் நின்றார்.

"பன்னிய அப்புறப்படுத்துப்பா. எங்க வூட்லயும் புள்ளைங்க இருக்குது," என்றார் ஒருவர்.

அப்பா கும்பிட்டார். "செய்யறேன். ரெண்டு நாள் டைம் குடுங்க."

அக்கா உள்ளேயிருந்து வந்து நேராகச் சொல்தா ஐயாவைக் கேட்டாள். "ஐயா, குழி வெட்டச் சொன்னது நீங்கதானே? கொசு அதுலேருந்துதான் வருதோ என்னவோ. நீங்க சொல்லுங்க, ஒரு வழி."

அவர் கைத்தடியைப் பார்த்தார். "நான் வெட்டச் சொன்னேன். தண்ணிய தேக்கி வைக்கச் சொன்னேனா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

சாமியார் வந்தார். பட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பொறுமையாக இரும்மா என்றார். "நீங்கதானே சாமி குடுத்தீங்க, நீங்களே எடுத்துக்குங்க," என்றாள் அக்கா. எங்கே வைப்பது, எந்த ஊர் ஒத்துக்கொள்ளும் என்று அவர் கேட்டார். தவளக்குப்பத்துக்கு அப்பால் அம்மாவின் தம்பிக்குக் கொஞ்சம் தோப்பு இருந்தது. அப்பா பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பினார். சட்டையைக் கழற்றும்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "அவனுக்கும் கைக்கொழந்த இருக்குதில்ல," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சைக்கிள்கடை மாமா ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தார். நாங்கள் கதவை ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சுவர் தாண்டி எங்கள் பின்கட்டில் குதித்தார். கையில் கடையில் டயர் கழற்றும் நீளமான இரும்புக்கம்பி. முகம் சவரம் இல்லாமல் சாம்பல் பூத்திருந்தது. அம்மா என்னை இழுத்துத் தன் புடவைக்குள் அணைத்துக்கொண்டாள்.

அக்கா பட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கையை விரிக்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். பின்னால் மூன்று பன்றிகளும் சாப்பாடு வருகிறது என்று நினைத்து மூக்கை நீட்டி உறுமின.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிக் குழியைப் பார்த்தார். தகரத்தைக் கம்பியால் நெம்பித் தள்ளினார். பச்சை ஆடை கிழிந்தது. தண்ணீருக்குள் ஆயிரம் கொசுப்புழுக்கள் சின்னத் துரும்புகளாக நெளிந்து கீழே போய் மேலே வந்தன.

"இது எப்படி ரொம்பி நிக்குது?" என்றார். யாரையும் கேட்கவில்லை. அவரும் சேர்ந்து மண் அள்ளிய குழி அது.

அப்பா, "நான்தான்... தெருவுக்குத் தொந்தரவு வேணாம்னு..." என்று ஆரம்பித்தார்.

மாமா கம்பியைக் கீழே போட்டார். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக் குழியை மூட ஆரம்பித்தார். கரையில் குவிந்திருந்த ஈரமண் விழ விழத் தண்ணீர் பொங்கி அவர் காலை நனைத்தது. அப்பா கூடையை எடுத்தார். அக்கா கையாலேயே அள்ளிப் போட்டாள். மண்வெட்டி சகதியில் இறங்கும் சத்தமும் பன்றிகளின் உறுமலும்தான் கேட்டன. மூடி முடித்ததும் மாமா அதன்மேல் ஏறி மிதித்தார். ரொம்ப நேரம் மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு சகதிக் காலோடு சுவர் ஏறினார். அந்தப் பக்கம் இறங்குவதற்கு முன்னால் திரும்பாமல் சொன்னார்:

"நாளைக்கு நான் வரும்போது இதுங்க இங்க இருக்கக் கூடாது."

அப்பா கறிக்கடைக்காரரை அழைத்து வந்தார். விடிந்ததும் ஆட்கள் கைவண்டியோடு வந்து காலைக் கட்டினார்கள். கோணிப்பையில் வந்தபோது அலறியது போல இப்போது அலறவில்லை. அக்காவின் கையைப் பார்த்தபடி சும்மா கிடந்தன. கறிக்கடைக்காரர் துரையின் தொடையைத் தட்டிப் பார்த்து, "நல்ல உருப்படி. ஒரு நோவு கெடையாது," என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டி போன பிறகு அக்கா தார் டிரம்மைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். உள்ளே துரு தெரியும்வரை தேய்த்தாள்.

தோழி பிழைத்தாள். நோவெல் முடிந்து பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வலது கை உள்பக்கம் மடிந்து மார்போடு ஒட்டியிருந்தது. பேச்சு இல்லை. எச்சில் ஒழுகியது. பத்து வயதுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக் கழுவ வேண்டியிருந்தது. அம்மா கஞ்சி செய்து தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். தூக்கு திறக்காமலே திரும்பி வந்தது.

பிறகு ஒரு காலையில் அக்கா வாசல் வழியாக அவர்கள் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் படி ஏறாமல் தெருவிலேயே நின்றாள். உள்ளே அத்தை தனியாக மகளைத் தூக்க முடியாமல் முனகுவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து அத்தை வெளியே வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒரு பக்கம் புடி," என்றார்.

அக்கா படியேறினாள். டின் தூக்கிப் பழகிய தோள். மறுநாளும் போனாள். அதற்கப்புறம் தினமும் போனாள். நான் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். புடி, உடு, திருப்பு, துணி குடு. இவை தவிர அத்தை அக்காவிடம் எதுவும் பேசியதில்லை. போகும்போது வா என்று சொன்னதில்லை, வரும்போது போ என்றும் சொன்னதில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் செய்யப் பழகியிருந்தார்.

அப்படியே அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. எங்கள் பின்கட்டில் பட்டி இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. குழி இருந்த இடம் லேசாக அமுங்கியிருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. தெருவில் எங்கேயும் பன்றி இல்லை, கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை. முனிசிபாலிட்டிக்காரர்கள் எல்லாவற்றையும் பிடித்துப் போயிருந்தார்கள்.

ஒரு காலை, அத்தையும் அக்காவும் தோழியைப் பாயிலிருந்து எழுப்ப இரண்டு பக்கமும் குனிந்திருந்தார்கள். வெளியே யாரோ ஓடும் சத்தம். ஒரு பெண் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"யக்கா, தெருக்கோடி வூட்டுப் பையனுக்கு வலிப்பு வந்துடுச்சாம். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போறாங்க."

அவள் ஓடிவிட்டாள். என் கையில் வெந்நீர் வாளி கனத்தது. அத்தை குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்தினார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அக்காவின் கண்ணை நேராகப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். நடுவில் என் தோழி வாயைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். தெருவில் ஜனங்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

அத்தை மறுபடி தலையைக் குனிந்தார். கையை மகளின் அக்குளுக்குள் கொடுத்தார்.

"புடி," என்றார்.

அக்கா பிடித்தாள்.